மறைந்தவர் குரலில் புதுப் பாட்டு: அடியில் பாடியவர் யார்?

மேடைக்குரல் எழுதியது:

மறைந்த நான்கு பேரின் குரலில் 2024 ஒரே வருஷத்தில் தமிழ் சினிமாவுக்குப் புதுப் பாட்டு வந்துவிட்டது. முதலில் 'லால் சலாம்' படத்துக்கு ரஹ்மான், பம்பா பாக்யா குரலையும் சாகுல் ஹமீது குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். ஜூனில் 'கோட்' படத்துக்கு யுவன் தன் அக்கா பவதாரிணியின் குரலில் ஒரு பாட்டைக் கொடுத்தார். செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'. 2011 பிப்ரவரியில் போன மலேசியா வாசுதேவன் மறுபடி ரஜினிக்குப் பாடுகிறார்.

நான் தென்மாவட்டங்களில் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். 'மனசிலாயோ' கேட்காத கோயில் கொடை இல்லை. ரசித்துத்தான் பாடுகிறேன், கூட்டமும் ஆடுகிறது. அதனால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

என் கேள்வி வேறு. எல்லா இடத்திலும் பேச்சு இரண்டு விஷயத்தில் நிற்கிறது. குடும்பத்திடம் அனுமதி வாங்கினார்களா, பணம் கொடுத்தார்களா. நியாயமான கேள்விகள்தான். ரஹ்மான் அனுமதி வாங்கியதையும் உரிய தொகை அனுப்பியதையும் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அந்தப் பாட்டுகளை உண்மையில் வாயைத் திறந்து பாடியது யார் என்று யாருமே கேட்பதில்லை.

நானும் அவ்வப்போது சென்னை வந்து ட்ராக் பாடியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் மெட்டையும் வரியையும் ஒருவர் பாடிப் பதிவு செய்து வைப்பார். பெரியவர் அதைக் கேட்டுப் பாடுவார், ட்ராக்கை அழித்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, தொழில் அப்படித்தான். இப்போது ட்ராக் அழிவதில்லையே? அதற்கு மேலேதானே மறைந்தவர் குரலைப் பூசுகிறார்கள்? அப்படியானால் அந்தப் பாட்டின் பாடகர் யார்? ஸ்டூடியோவில் இருக்கிறவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

---

ஒலிப்பலகை எழுதியது:

அண்ணா, உங்கள் ஊகம் பெரும்பாலும் சரி. வரியை எழுதிக் கொடுத்தால் தானே பாடிவிடும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாடகரின் குரல், இசையமைப்பாளர் போட்ட அதே மெட்டு, சினிமாத் தரம் என்று மூன்றும் வேண்டுமென்றால் வழக்கமாகச் செய்வது குரல் மாற்றம்.

மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கொடுத்து ஓர் ஏஐ மாடலைப் பழக்குவோம். அது கற்றுக்கொள்வது குரலின் நிறத்தை மட்டும். மூக்கோசை எவ்வளவு, கரகரப்பு எங்கே, மேல் ஸ்தாயியில் தொண்டை எப்படி இறுகுகிறது, இவ்வளவுதான். பிறகு உயிரோடு இருக்கிற ஒருவர் பாடிய பாட்டை அதற்குள் விடுவோம். வெளியே வருவதில் நிறம் அவருடையது, மற்ற எல்லாம் இவருடையது. சுருதி, தாளம், எந்த எழுத்தில் அழுத்தினார், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், சங்கதி எப்படி விழுந்தது, எல்லாமே அடியில் பாடியவரின் வேலை.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ட்ராக் பாடியவர் ஒரு பிர்காவை, அதாவது சட்டென்று ஓடும் ஸ்வரக் கோவையை, வேகமாக உருட்டியிருப்பார். மாடல் நடுவில் இரண்டு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு வழுக்கிக்கொண்டு போகும். உடனே அவரைக் கூப்பிட்டு, அதே வரியை ஸ்வரங்களைப் பிரித்துப் பாடச் சொல்வோம். அப்புறம் மூச்சு. மறைந்தவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்று பழைய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அதே மாதிரி இவர் விட வேண்டும். இல்லையென்றால் நிறம் கச்சிதமாக இருக்கும், ஆனால் ஆள் வேறு என்று காது சொல்லிவிடும். ஆகவே அடியில் பாடுகிறவருக்கு இரண்டு வேலை. பாட்டையும் பாட வேண்டும், இன்னொருவரைப் போல யோசித்தும் பாட வேண்டும். சாதாரண ட்ராக்கைவிட இது கஷ்டமான வேலை, சம்பளம் மட்டும் ட்ராக் சம்பளம்.

பழைய பதிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 70களிலும் 80களின் தொடக்கத்திலும் குரலும் வாத்தியங்களும் சேர்ந்தே பதிவான பாட்டுகள் ஏராளம். குரலைத் தனியாகப் பிரித்தெடுக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் வயலினின் வாலும் எதிரொலியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். மாடல் அதையும் குரல் என்று நினைத்துப் படித்துவிடும். அந்த வகையில் சாகுல் ஹமீது கொடுத்துவைத்தவர். 'திருடா திருடா'வில் 'ராசாத்தி' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியமே கிடையாது, குரல்கள் மட்டும்தான். 1993இல் அதைப் போட்டவருக்கு அப்போது இந்த யோசனையெல்லாம் இருந்திருக்காது.

---

கிள்ளான்வாசி எழுதியது:

வணக்கம். நான் மலேசியா. வாசுதேவன் அண்ணன் எங்கள் மண்ணில் பிறந்து, இங்கே நாடக மேடையில் பாடி நடித்து, சினிமா ஆசையில் சென்னைக்குக் கப்பலேறியவர். பேரிலேயே எங்கள் நாட்டைச் சுமந்தவர். 'மனசிலாயோ' வந்த அன்று என் அப்பா வானொலிப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்ததும் எதுவும் சொல்லவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1980இல் 'முரட்டுக்காளை'யில் 'பொதுவாக எம்மனசு தங்கம்' பாடிய வாசுதேவன் வேறு, 1985இல் 'முதல் மரியாதை'யில் 'பூங்காற்று திரும்புமா' பாடியவர் வேறு. முதல் பாட்டில் நெஞ்சை நிமிர்த்தி ஊரையே கூப்பிடுகிற குரல். இரண்டாவதில் சிவாஜியின் வயசும் அலுப்பும் அந்தக் குரலுக்குள் இறங்கியிருக்கும். ஐந்து வருஷத்தில் ஒரு பாடகர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பாருங்கள். புதுப் பாட்டில் அவர் எங்கும் போகவில்லை. நமக்குப் பிடித்த ஒரு வாசுதேவனை எடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, மேடைக்குரல் அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்கு நல்ல உதாரணமும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. பாடகர் பட்டியலில் மகன் யுகேந்திரன் பேரும் இருக்கிறது. அப்பாவின் குரல் வருகிற பாட்டில் மகன் பேரும் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது. எல்லாப் பாட்டிலும் இப்படி உயிரோடு இருப்பவர் பேரும் வர வேண்டும்.

---

புதுராகம் எழுதியது:

நான் கல்லூரி மாணவன். ஆர்விசி என்ற குரல் மாற்றக் கருவியை வைத்து எஸ்.பி.பி. சார் குரலில் இந்தக் காலத்துப் பாட்டுகளைச் செய்து யூடியூப்பில் போடுகிறேன். அடியில் பாடுவது என் அறைத்தோழன். காசு வருவதில்லை. கீழே வருகிற கருத்துகளைப் படித்தால் தெரியும், எத்தனையோ பேர் அழுதுவிட்டேன் என்று எழுதுகிறார்கள். 2020 செப்டம்பர் 25ஆம் தேதி எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அவ்வளவு பிரியம். பிரியத்தில் செய்வதையும் தப்பு என்பீர்களா?

---

தாமிரபரணி எழுதியது:

தம்பி, உங்கள் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய மகன் சரண் என்ன செய்தார் என்று பாருங்கள். 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அப்பாவின் குரலைக் கேட்காமல் ஏஐ மூலம் பயன்படுத்தினார்கள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பிரியத்தில் அவரை மிஞ்ச நம்மால் முடியாது இல்லையா?

எஸ்.பி.பி. தனக்கு வந்த எல்லாப் பாட்டையும் பாடிவிடவில்லை, சிலவற்றை வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார். எதைப் பாடுவது, எதை விடுவது என்பதும் ஒரு பாடகரின் கலைதான். நீங்கள் செய்கிற பாட்டுகளில் அந்த முடிவை அவருக்குப் பதில் நீங்கள் எடுக்கிறீர்கள்.

உங்கள் அறைத்தோழன் பெயரை வீடியோவில் போடுகிறீர்களா?

---

புதுராகம் எழுதியது:

இல்லை அக்கா. 'எஸ்.பி.பி. ஏஐ' என்று மட்டும் போடுகிறேன். அவன் கேட்டதும் இல்லை.

---

பவதாரிணிரசிகை எழுதியது:

'கோட்' பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுவன் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் அந்த மெட்டு உருவானபோதே இது அக்காவுக்கான பாட்டு, உடம்பு தேறி வந்ததும் அவரைப் பாட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அதற்குள் செய்தி வந்துவிட்டது. 2024 ஜனவரி 25. வயது 47தான்.

அந்தப் பாட்டை மற்ற பாட்டுகளோடு சேர்த்து எடை போட எனக்கு மனசு வரவில்லை. யாருக்காகப் போட்ட மெட்டோ அவர் குரலிலேயே வந்திருக்கிறது, செய்தது கூடப் பிறந்தவர். 'பாரதி' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வாங்கியவர் அவர். குழந்தை பேசுவது மாதிரி பட்டும் படாமலும் போகும் அந்தக் குரலுக்குத் தமிழ் சினிமா கொடுத்த பாட்டுகள் குறைவு. உயிரோடு இருந்தபோது கொடுக்கவில்லையே என்கிற ஆதங்கம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. இப்போது எத்தனையோ பெண்கள் வித்தியாசமான குரலோடு வாய்ப்பு கேட்டு வாசலில் நிற்கிறார்கள். மறைந்தவர்களின் குரல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, தெரியாத குரலுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? வாசுதேவனும் ஒரு காலத்தில் தெரியாத குரல்தான். 1977இல் '16 வயதினிலே'யில் ராஜா சார் கொடுத்த பாட்டால்தானே ஊருக்குத் தெரிந்தார்?

---

ரீல்பெட்டி எழுதியது:

பீட்டில்ஸ் குழு 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளியிட்டபோதும் ஏஐ பாட்டு என்றுதான் உலகமே பேசியது. ஆனால் அதில் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனான் உண்மையாகவே பாடியிருக்கிறார். வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பதிந்த பாட்டு. பியானோவுக்குள் சிக்கியிருந்த குரலை இயந்திரம் பிரித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். பாடியவர் லெனான் என்பதில் குழப்பமே இல்லை. அதையும் இதையும் 'ஏஐ பாட்டு' என்று ஒரே பேரில் அழைப்பதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

---

குரல்கூலி எழுதியது:

நான் டப்பிங். தொடர்களுக்கும் வெளிமொழிப் படங்களுக்கும் தமிழ்க் குரல் கொடுக்கிறேன். பாடகர்களுக்கு இப்போது வந்திருப்பது எங்கள் வாசலுக்கும் வந்துவிட்டது.

போன வருஷம் ஓர் இடத்தில் வேலை முடிந்ததும் கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டினார்கள். பேர் வேண்டாம். இதுநாள் வரைக்கும் அங்கே ஒரு வவுச்சர்தான் இருக்கும், தொகையும் தேதியும். இந்த முறை இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். ஒரு வரியில் கண் நின்றது. என் குரல் பதிவை 'இப்போது இருக்கும், இனிமேல் வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' பயன்படுத்தலாம் என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அதைப் படிக்காமலே போட்டுவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடினாள். அவளுக்கு ஆறு மணிக்கு இன்னொரு கால்ஷீட். நான் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

ஹாலிவுட் நடிகர் சங்கம் 2023இல் ஜூலையிலிருந்து நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு முக்கியக் கோரிக்கை. டிஜிட்டல் நகல் எடுக்க வேண்டுமானால் எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும், இறந்தவர் என்றால் உரிமை உள்ளவர்களிடம் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். அவர்கள் சங்கம் பெரியது, பல மாதம் தாக்குப்பிடித்தது. நம்மிடம் தனியாக ஒருவர் ஒரு வரியை அடித்தால் வேலை போகிறது. நூறு பேர் சேர்ந்து அடித்தால் போகாது.

---

வழக்குமன்றம் எழுதியது:

வக்கீல் என்ற முறையில் சில விஷயங்கள். இதில் பலர் நினைப்பதற்கு மாறாகச் சட்டம் இருக்கிறது.

முதலில், உயிரோடு இருப்பவர்கள் நிலை பரவாயில்லை. 2023இல் நடிகர் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றமும், 2024இல் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றமும் ஆதரவாக நின்று, அவர்களுடைய குரலையும் அடையாளத்தையும் கேட்காமல் பயன்படுத்த இடைக்காலத் தடை கொடுத்தன. அரிஜித் வழக்கு நேரடியாகவே குரல் நகல் பற்றியது.

இறந்தவர்கள் விஷயத்தில்தான் தரை வழுக்குகிறது. சுஷாந்த் சிங் ராஜ்புத் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்தை எதிர்த்து அவருடைய தந்தை போட்ட வழக்கில், பெயர், உருவம், தனிமை மீது அவருக்கு இருந்த உரிமைகள் அவரோடு முடிந்தன, வாரிசுக்கு வராது என்று 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அது குரல் வழக்கு இல்லை. ஆனாலும் நாளைக்கு ஒரு தயாரிப்பாளர் அனுமதி கேட்காமல் செய்துவிட்டு இதைத்தான் நீட்டுவார். ரஹ்மானும் யுவனும் அனிருத்தும் வேலை செய்த விதத்தைப் பார்த்து, சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024இல் பாடகர் எல்விஸ் பேரில் ஒரு சட்டம் கொண்டுவந்து குரலையே பெயர் சொல்லிப் பாதுகாத்தது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் கிடையாது.

இரண்டாவது, நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை என்பதே 1994 திருத்தத்தில்தான் வந்தது. வாசுதேவனின் உச்சகாலம் முழுவதும் பாடகருக்கு என்று தனி உரிமை சட்டத்தில் இல்லை. 2012 திருத்தம் 38பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கவும், அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை.

இனி மேடைக்குரல் கவனிக்க வேண்டிய இடம். 'நிகழ்த்துகிறவர்' என்ற வரையறையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவர் எங்குமே இல்லையென்றால், சிதைவை எதிர்க்கும் உரிமை தவிர மற்றவற்றுக்கு அவரை நிகழ்த்துகிறவராகவே கருத வேண்டியதில்லை. பாட்டு முழுக்க ஒருவர் குரலின் மேல் நிற்கும்போது அதைச் சிறிய பங்கு என்று எவரும் சொல்ல முடியாது என்றுதான் நான் வாதாடுவேன். ஆனால் எதிர்த்தரப்பு, 'இவர் வெறும் ட்ராக்' என்று தொடங்கும். பட்டியலில் பெயர் இல்லாதது அந்த வாதத்துக்குத்தான் உதவும். ஆகவே பெயர் போடச் சொல்லிக் கேட்பதை மரியாதைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ராயல்டியும் அந்தப் பெயரோடு சேர்ந்தே போகிறது.

---

ரீல்பெட்டி எழுதியது:

'அம்பிகாபதி' கதையும் இதுதானே சார்? 2013 படத்துக்கு 2025 ஆகஸ்டில் ஏஐ வைத்துச் சந்தோஷ முடிவு ஒட்டி மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

---

வழக்குமன்றம் எழுதியது:

வேர் ஒன்றுதான். நம் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர், இயக்குநர் கிடையாது. நடிகர் தன் நிகழ்த்துதல் சிதைந்தது என்று 38பி கீழ் வரலாம். அதை நீதிமன்றத்தில் முழுமையாகச் சோதித்துப் பார்த்தால் எல்லோருக்கும் நல்லது.

---

தாமிரபரணி எழுதியது:

கேட்கிறவர்கள் பக்கமிருந்தும் ஒன்று. விளம்பரத்தில் 'மறைந்த இன்னார் மீண்டும் பாடுகிறார்' என்று பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 'இன்னார் பாட, இன்னார் குரல் நிறத்தில்' என்று போட்டால் பாட்டு ஒன்றும் கசந்துவிடாது. நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கப் புத்தகத்தோடு திரை ஓரத்தில் நிற்கும் பிராம்ப்ட்டர் மாதிரி இவரை மறைத்து வைக்க வேண்டிய தேவை என்ன? இவர் இல்லாவிட்டால் பாட்டே இல்லையே.

புதுராகம் தம்பி, உங்கள் வீடியோவிலிருந்து அதைத் தொடங்கலாம்.

---

புதுராகம் எழுதியது:

அக்கா, நேற்று அவனிடம் பேசினேன். பழைய வீடியோக்கள் எல்லாவற்றிலும் அவன் பெயரைச் சேர்த்துவிட்டேன். எஸ்.பி.பி. சார் குரலில் இனிப் புதிதாக எதுவும் போடப்போவதில்லை. அடுத்த பாட்டை அவன் சொந்தக் குரலிலேயே பாடச் சொல்லியிருக்கிறேன்.

---

மேடைக்குரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார், வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு ட்ராக் வேலை இருக்கிறது. ஏஐ வேலையா என்று இன்னும் சொல்லவில்லை, மறைந்த ஒருவருடைய பழைய பாட்டுகளைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அதை வைத்து ஊகிக்கிறேன். என்ன எழுதிக் கேட்பது என்று ஒரு வரி சொல்லுங்கள். ஆங்கிலத் தாளெல்லாம் என்னால் ஆகாது.

---

வழக்குமன்றம் எழுதியது:

தமிழில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இப்படிக் கேளுங்கள்: 'என் பாட்டைக் குரல் மாற்றம் செய்து வெளியிட்டால், படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பாட்டு வெளியாகும் எல்லாத் தளங்களிலும் பாடகர் என்று என் பெயர் இடம்பெற வேண்டும். என் பதிவை இந்தப் பாட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாம், எந்த மாடலையும் பழக்கப் பயன்படுத்தக் கூடாது.' மைக் முன்னால் நிற்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். பாடி முடித்த பிறகு கேட்டால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

---

ஒலிப்பலகை எழுதியது:

அண்ணா, என் பக்கமிருந்தும் ஒன்று செய்யலாம். பாட்டை நிறுவனத்துக்கு அனுப்பும்போது பாடகர், வாத்தியக்காரர் விவரத்தாள் ஒன்று சேர்த்துத்தான் அனுப்புகிறோம். தளங்களில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் போகின்றன. குரல் மாற்றம் செய்த பாட்டு எதுவாக இருந்தாலும், அடியில் பாடியவர் பெயரை இனி நான் அதில் எழுதித்தான் அனுப்பப்போகிறேன். எடுக்கச் சொன்னால் எழுத்தில் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த இன்னும் சில என்ஜினியர்களிடமும் பேசுகிறேன். வெள்ளிக்கிழமை எந்த ஸ்டூடியோ என்று தனியாக எனக்கு அனுப்புங்கள், அங்கே நம் ஆள் யார் இருக்கிறார் என்று பார்க்கிறேன்.